முனிப் சொல்லாத பெயர்

தியானாவின் அப்பாவுக்கு,

வியன்னாவில் குளிர் எப்படி? உங்கள் கம்பளிச் சட்டையை அனுப்பியிருக்கிறேன்.

போரில் நம் செர்பியர்கள் முஸ்லிம்களைக் கொன்றொழித்ததைப் பற்றி ஊர் நூலகத்தில் பிள்ளைகளுக்குச் சொல்லித்தருகிறார்கள். தியானா வியாழன்தோறும் போகிறாள். போன வாரம் நானும் கூடப் போனேன். அப்போது முஸ்லிம்களை அடைத்துவைத்திருந்த முகாமிலிருந்து உயிரோடு மீண்ட முனிப், நம் பழைய பக்கத்து வீட்டுக்காரர், பேசினார். தன் தம்பியை அங்கே காவலன் ஒருவன் அடித்தே கொன்றதைச் சொன்னார்.

"அவன் பேரென்ன?" என்று தியானா எழுந்து கேட்டாள்.

முனிப் என்னைப் பார்த்தார். "பேரு வேணாம்மா. அவனுக்கும் பிள்ளைங்க இருக்கும்" என்றார்.

வீட்டுக்கு வந்தோம். காலணியைக் கழற்றும்போது, "அவரு ஏம்மா உன்னைப் பார்த்தாரு? அப்பா போர்ல எங்கதான் இருந்தாரு?" என்றாள்.

போரின்போது நீங்கள் எல்லையில் இருந்தீர்கள் என்றே இத்தனை வருடமாக அவளிடம் சொல்லிவந்தேன். அன்று முடியவில்லை. முகாமில் காவல் நின்றதையும் முனிப்பின் தம்பிக்குச் செய்ததையும் நீங்கள் ஒருமுறை குடித்துவிட்டு அழுதபடி என்னிடம் சொன்னதை அப்படியே சொல்லிவிட்டேன்.

அவள் அழவில்லை. மறுநாள் தனியாக முனிப் வீட்டுக்குப் போய், தான் யார் மகள் என்று சொல்லியிருக்கிறாள். "தெரியும்மா, உள்ள வா" என்றாராம்.

ஈஸ்டருக்கு வருவதாக எழுதியிருந்தீர்கள். முதலில் அவர் வீட்டுக்குப் போய்வாருங்கள். அதன்பிறகுதான் நம் வீட்டுக் கதவைத் திறப்பேன் என்கிறாள் உங்கள் மகள். நான் மறுக்கவில்லை.

இப்படிக்கு,
உங்கள் மனைவி