சனி வளையத்தில் முன் இருக்கை

மே 12, திங்கள்

காலை எட்டு மணிக்கே வெயில் மண்டையைப் பிளக்கிறது. பள்ளிக்கூடத்துச் சுவரில் படம் வரையும் வேலை, எல்.கே.ஜி. கட்டடம். தாளாளர் சொன்னது இவ்வளவுதான்: "புதுசா ஏதாச்சும் பண்ணுங்க மேடம். ஆகாசத்துல தீம் பார்க் மாதிரி."

இதுவரை முடிந்தவை: சனி வளையத்தில் ஓடும் ரயில். நிலாப் பள்ளத்தில் சறுக்குமரம். வால்நட்சத்திரத்தின் வாலில் தொங்கும் ஊஞ்சல். பஞ்சுமிட்டாய் விற்கும் ஒரு மேகம்.

காலுக்குத் தாங்கலாக மாட்டும் இரும்புக் கேலிப்பரின் பட்டை உரசி முழங்காலுக்குக் கீழே மறுபடி புண். தேங்காய் எண்ணெய் தடவினேன். வாட்ச்மேன் மனைவி மல்லிகா மோர் கொடுத்தாள். உப்பு அதிகம்.

மே 14, புதன்

இன்று குழந்தைகளை வரைந்தேன். ரயிலின் முன் இருக்கையில் ஒரு பெண். இரட்டைச் சடை, பல் தெரியச் சிரிப்பு, இடது காலில் கேலிப்பர். நானில்லை. எனக்கு அவ்வளவு முடி எப்போதும் இருந்ததில்லை.

அங்கே எடை கிடையாது. கால் யாருக்கும் பாரமில்லை.

போன ஆடியில் சேலம் பொருட்காட்சி. வரிசையில் நின்று ராட்டினத்தின் வாசல்வரை போய்விட்டேன். டிக்கெட் கிழிப்பவன் தடுத்தான்: "அக்கா, உங்களுக்கு வேண்டாங்க. ஏதாச்சும் ஆச்சுன்னா நாங்கதான் பதில் சொல்லோணும்." பின்னால் நின்றவர்களுக்கு வழிவிட்டேன். இன்றுவரை அதுதான் எரிச்சல். ஏன் விட்டேன்?

மே 15, வியாழன்

தாளாளர் வந்து பார்த்தார். கைகட்டி நின்று ரொம்ப நேரம் பார்த்தார்.

"பிரமாதமுங்க. அந்தப் புள்ள காலு மட்டும்... அட்மிஷன் நேரம். பெத்தவங்க பாத்தா மனசு சங்கடப்படுமுங்க. நல்ல காலா மாத்திருங்க."

"மாத்த மாட்டேனுங்க."

"ரெண்டு கோடு தானுங்க மேடம்."

"ரெண்டு கோடு தானே? இருந்துட்டுப் போகட்டுமுங்க."

"அப்ப நான் வேற ஆளைத்தான் பாக்கோணும்."

"பாருங்க."

பிரஷ்களைக் கழுவினேன். மெதுவாக, எல்லாவற்றையும். கேட் தாண்டும்வரை நிமிர்ந்தே நடந்தேன். மூன்று சக்கர ஸ்கூட்டரில் ஏறி வீட்டுக்கு வந்தேன்.

மே 16, வெள்ளி

வீட்டுக்காரர் இன்று வீட்டில்தான். அவர் ஓட்டும் போர்வெல் ரிக் லாரி ரிப்பேராகி ஒர்க்‌ஷாப்பில் நிற்கிறது. வேலையை விட்டதை ராத்திரியே சொல்லியிருக்கலாம், காலையில் தோசை ஊற்றும்போது சொன்னேன்.

"ரெண்டு கோட்டுக்கா வேலைய உட்டுப்போட்டு வந்தே? அது படந்தானே அம்மிணி. அந்தப் புள்ளைக்குக் காலு நல்லாயிட்டா உனக்கென்ன?"

"நல்லாகாதுங்க. ஆனாலும் அது ரயில்ல போகும். அதுதான் படம்."

அவர் தோசையைப் பிய்த்தார். நான் விடவில்லை. "பொண்ணு பாக்க வந்தப்ப, கால் தெரியாம சேலைய எறக்கிக் கட்டச் சொன்னாங்க உங்கம்மா. நீங்க என்ன சொன்னீங்க?"

தட்டைப் பார்த்துக்கொண்டே, "ஒண்ணுஞ் சொல்லலை" என்றார். பாதித் தோசையோடு எழுந்து போனார்.

சட்னியில் காரம் சரியாகத்தான் இருந்தது.

மே 18, ஞாயிறு

மல்லிகா போன். புது பெயிண்டர் வந்துவிட்டானாம். "அக்கா, அந்தப் புள்ளைக்கு நல்ல காலு போட்டுட்டான். ரோஸ் கலர் ஷூ வேற!"

சிரித்தேன். பிறகு சிரிப்பு வரவில்லை.

எங்கள் காம்பவுண்டுச் சுவர் ஈரோடு பஸ் போகும் ரோட்டைப் பார்த்தது. தேர்தல் விளம்பரத்துக்குக்கூடக் கொடுத்ததில்லை. வாளியில் சுண்ணாம்பு கரைத்தேன். கைக்கு எட்டியவரை அடித்தேன். மேல்பாதி அப்படியே நின்றது.

இவர் ஒர்க்‌ஷாப்பிலிருந்து வந்தார். சுவரை அண்ணாந்து பார்த்தார். ஏணியைக் கொண்டுவந்து சாத்தினார்.

"மேல உனக்கு எட்டாது. என்ன கலரு அடிக்கோணும்?"

"கருநீலமுங்க."

வானத்தைத் திட்டுத்திட்டாக அடித்திருக்கிறார். பரவாயில்லை, பால்வெளி என்று சொல்லிக்கொள்ளலாம்.

மே 21, புதன்

எங்கள் சுவரில் பூங்கா வளர்கிறது: ரயில், சறுக்குமரம் எல்லாம். கண் தெரியாத பையன் வால்நட்சத்திரத்தை ஓட்டுகிறான். சக்கர நாற்காலிகள் தனியாக ரேஸ் போகின்றன. இரட்டைச் சடைக்காரி முன் இருக்கையில். கேலிப்பரின் ஒவ்வொரு திருகையும் வரைந்தேன்.

எதிர்வீட்டு அக்கா: "கொறையப் போயி செவுத்துல வெச்சா ஊரு என்ன சொல்லும் சாமி?"

"சொல்லட்டுமுங்க. செவுரு எங்களுது."

டவுன் பஸ் கண்டக்டர் படியில் தொங்கியபடி: "ஏனுங்க, இதுக்கு டிக்கெட் எங்க தர்றாங்க?" பஸ்ஸே சிரித்தது. நானும்தான்.

மே 24, சனி

மேகமூட்டம். நல்லது, பெயிண்ட் வெடிக்காது.

தாளாளரின் கார் நின்றது. கண்ணாடி இறங்கியது. புது ஆள் நிலாவைக் கெடுத்துவிட்டானாம். "வந்து முடிச்சுக் குடுத்துருங்க மேடம். அந்தப் புள்ளைக்கு அவன் போட்ட காலு மட்டும் அப்படியே இருக்கட்டுமுங்க."

"அவளை உட்டுட்டு வரமாட்டேனுங்க."

கண்ணாடி ஏறியது. இந்த முறை பிரஷைக் கழுவவில்லை, பெயிண்டில் தோய்த்தேன்.

சாயங்காலம், கடைசியாக வாசலை வரைந்தேன். டிக்கெட் கிழிப்பவள் நின்றுகொண்டிருக்கிறாள். நரைத்த கொண்டை, காக்கிச் சட்டை, கேலிப்பர். யார் ஏறலாம், யார் கூடாது என்று சொல்ல வேண்டியவள் அவள். யாரையும் திருப்பி அனுப்பாதவள்.

டியூஷன் விட்டு வந்த ஒரு குட்டி சைக்கிளை நிறுத்தி அவளையே பார்த்தாள். காலைப் பற்றிக் கேட்பாள் என்று காத்திருந்தேன்.

"இந்தக்கா மட்டும் ஏன் எதுலயும் ஏறலை?"

"டூட்டியில இருக்கறாங்க சாமி."

"பாவம்" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டாள்.

உண்மைதான். சறுக்குமரத்தில் இடம் இருக்கிறது. அங்கேயும் அவளை வரைய, நாளை இன்னொரு டப்பா காக்கி பெயிண்ட் வாங்க வேண்டும்.