ஆறு நாற்பது பஸ்ஸில் மூன்று பேர்

ஜூன் 16, திங்கள்

‘பெருநகர்ப் புத்தளம் 2045’ வரைபடத்தை இன்று முடித்தேன். பாலாவிச் சந்தியில் கண்ணாடியால் ஆன பஸ் நிலையம். பஸ்ஸுக்கு நிற்கிறவர்கள் எல்லாரும் கோப்பிக் கோப்பையோடு சிரிக்கிறார்கள். ஒருவர் கையிலும் மீன் பை இல்லை.

எத்தாளை–புத்தளம் ஆறு நாற்பது பஸ்ஸுக்குச் சிவப்புக் கோடு. ‘பயணிகள் போதாது, நிறுத்தலாம்.’ அட்டவணையில் மூன்று பேர் என்று இருந்தது. எனக்கென்ன, நான் கோடு போடுகிறவன்.

ஜூன் 17

சோறு தின்றேன்.

ஜூன் 18

சபூரா மாமியின் காதுக்குக் கதை போய்விட்டது. என் பெஞ்சாதி நுஸ்ரா மௌத்தாகி, அவ இல்லாமல் நாலு மாதம். நான் இன்னும் அவவின் உம்மா வீட்டில்தான் கிடக்கிறேன். போ என்று மாமி சொன்னதில்லை. இன்று பிளேன்டீயை வைத்துவிட்டுப் போகாமல் நின்றா.

“மகன், அந்த பஸ்ஸ நிப்பாட்டினா ஆதிலாட படிப்பும் நிண்டுரும். வயசுக்கு வந்த கொமர்ப் புள்ளய தனிய த்ரீவீல்ல அனுப்ப மாட்டன். மூணு பேர்தான் போறாங்கண்டு ஆரு சென்ன?”

ஆதிலா நுஸ்ராவின் தங்கை. நான்தான் என்று சொல்லவில்லை. அட்டவணை என்றேன்.

“அட்டவணை எத்தாளைக்கு வந்து பாத்ததா?”

ஜூன் 19

மோட்டார் சைக்கிளை விட்டுவிட்டு அந்தப் பஸ்ஸில் போனேன். மூன்று பேர் என் காலில் மட்டும் நின்றார்கள்.

பெப்ரவரியில் பயணிகளை எண்ண வந்தவரைப் பற்றிக் கொண்டக்டர் அக்ரமிடம் கேட்டேன்.

“அண்டைக்கு ஊர்ல ஒருத்தரும் பஸ் ஏறல்ல நானா.” அண்ணன் முறை சொல்லியும் என் முகத்தைப் பார்க்காமல் முன்பக்கம் போய்விட்டான்.

என்றைக்கு?

ஜூன் 20, வெள்ளி

அலுமாரியிலிருந்து மூலப் படிவத்தை எடுத்தேன். இந்தப் பஸ்ஸை எண்ணிய நாள் என் அட்டவணையில் வெறும் ‘நாள் 2’. படிவத்தில் திகதி: பெப்ரவரி 11.

நுஸ்ராவை அடக்கிய நாள்.

சுபஹுத் தொழுகைக்குப் பிறகு பள்ளிவாசல்ல அறிவிச்சாங்க. ஆறு நாற்பதுக்கு ஊரே எங்கட வீட்ட. கடையெல்லாம் பூட்டு, தோணியெல்லாம் கரையில. கொழும்பிலிருந்து வந்தவர் ரோட்டில் நின்று, வெளியூர்க்காரர் மூன்று பேரோடு போன பஸ்ஸை எண்ணியிருக்கிறார். ‘சிறப்பு நிகழ்வு’ என்ற இடத்தில் அழகான கையெழுத்து: இல்லை.

பாலாவியில டீச்சர் அவ. அந்த பஸ்ஸ ஒரு நாளும் தவறவிட்டதில்ல. ஒரே ஒரு நாள் வரல்ல — ஊரையும் ஏறவிடல்ல. நான் என்ன செஞ்சன்? அவவ அடக்கின ஜனாஸா நாளப் பாத்து பயணிகள் போதாதெண்டு கோடு போட்டன்.

ஜூன் 22

எத்தாளையில் மழை இல்லை. வேறொன்றும் இல்லை.

ஜூன் 23, திங்கள்

மிஹ்லார் சேரிடம் படிவத்தை நீட்டினேன். எங்கள் திட்டத் தலைவர். மே மாதம்தான் இங்கே வந்தவர். கண்ணாடி நிலையத்தில் அவருக்கு ஒரு காதல். நாளை மறுநாள் சமர்ப்பிக்க வேண்டும், ஒரு ஜனாஸாவுக்காக இருபது வருடத் திட்டத்தை நிறுத்த ஏலாது என்றார். பிறகு, சும்மா கேட்கிற மாதிரி:

“ஆர்ட ஜனாஸா?”

“என்ட பெஞ்சாதிட, சேர்.”

நாலு மாதத்தில் இதை வாயால் சொன்னது முதல் தடவை. குரல் யாருடையதோ மாதிரி இருந்தது.

சேர் பேனாவை மூடினார். திறந்தார். மறுபடி மூடினார். திரும்ப எண்ணுவோம் என்றார். படிவத்தில் புதுக் கட்டமும் போடச் சொன்னார்: ‘ஜனாஸா’. பெருநாளுக்கும் தேர்தலுக்கும் நடுவில் இடம் கிடைத்தது.

ஜூலை 8, செவ்வாய்

எண்ணுகிற வேலையை நானே கேட்டு வாங்கினேன். அக்ரம் மிதிபலகையில் எனக்கு இடம் விட்டான்.

ஆதிலா ஏறும்போது சொன்னாள்: “என்னையும் எண்ணுங்க மச்சான். ரெண்டாப் போட்டாலும் பரவாயில்ல.”

ஒன்றாகத்தான் போட்டேன்.

மொத்தம் அறுபத்திரண்டு பேர். சிவப்புக் கோட்டை அழித்தாயிற்று.

சிறப்பு நிகழ்வு: இல்லை. இந்தத் தடவை நான் எழுதினேன்.