பெட்டியின் மேல் மாப்பிள்ளை பெயர்

புலாவ் செபாங்,
ஞாயிற்றுக்கிழமை.

அன்புள்ள வாணி அக்காவுக்கு,

திவாகர் எழுதுகிறேன். வாட்ஸ்அப்பில் எங்கள் எல்லாரையும் தடுத்துவிட்டாய், அதனால் மின்னஞ்சல். உன் மேல் தப்பில்லை. உன் கல்யாணத்தன்று அம்மா போனில் பேசிய பேச்சுக்கு வேறு யாராக இருந்தாலும் அதைத்தான் செய்திருப்பார்கள்.

நீ மாசமாயிருப்பதை உன் தோழி ஜெனட் அக்கா சொன்னார். நேரத்துக்குச் சாப்பிடு. அங்கே கொரியாவில் குளிராமே.

நான் இன்னும் ‘பத்து பெரண்டாம்’ ஊர் ஃபேக்டரியில்தான். ஷிப்ட் முடிந்து வந்து, இணையக் கலைக்களஞ்சியத்தில் கொரிய விளையாட்டு வீரர்கள் பற்றிய ஆங்கிலக் கட்டுரைகளைத் திருத்துகிறேன். சம்பளமில்லாத ஓவர்டைம் என்று அப்பா கிண்டல் செய்கிறார். ஒரே குடும்பப் பெயரை ஆங்கிலத்தில் ஒருவர் லீ என்று எழுதுகிறார், ஒருவர் யீ, ஒருவர் ரீ. அந்த நாட்டு அரசாங்க விதிப்படி எழுதினால் வெறும் ‘I’ என்ற ஒற்றை எழுத்து. போன வாரம் ஒரு வில்வித்தை வீராங்கனையின் பெயருக்காக அங்கே திருத்துகிற இன்னொருவனோடு பெரிய சண்டை. விதிதான் முக்கியம் என்றான். அவர் தன் பெயரை எப்படி எழுதுகிறாரோ அதுதான் முதலில், விதி அப்புறம் என்றேன். நான் சொன்னதுதான் நின்றது.

நம் வீட்டில் உன் வீட்டுக்காரர் இத்தனை நாளும் ‘அந்த ஆளு’தான். கொரியர் என்பதற்காக இல்லை, உனக்கே தெரியும். மாப்பிள்ளை எந்தச் சாதி என்று சொந்தக்காரர்கள் கேட்டால் சொல்லப் பதில் இல்லையாம், அதுதான் அவமானமாம். ரப்பர் எஸ்டேட்டை விட்டு வந்தபோது இந்தக் குப்பையை மட்டும் மறக்காமல் லாரியில் ஏற்றி வந்திருக்கிறார்கள்.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். அம்மா பிரசவ லேகியம் கிண்டியிருக்கிறார். தீபாவளிக்கு நீ அனுப்பியதைப் பிரிக்காமல் ஸ்டோர் அறையில் போட்டிருந்தார்; இப்போது லேகியத்தை அந்தப் பெட்டியிலேயே கட்டியாகிவிட்டது. அதில் இருந்த சால்வையை இந்தப் புழுக்கத்தில் போர்த்திக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார். கூரியர் கடையில், வாங்குபவர் பெயரை ஆங்கில எழுத்தில் கேட்டார்கள். உன் பெயர் போதும் என்றேன். “மாப்ள பேரு இல்லாம எப்படிடா அனுப்புவ? அவ என்ன அங்க தனியாவா இருக்கா?” என்று அம்மா கத்திவிட்டார். பெட்டியைத் திரும்பத் தூக்கி வந்துவிட்டோம்.

பெட்டியின் மேல் நீ ஒட்டிய அனுப்புநர் சீட்டில் மாப்பிள்ளை பெயர் கொரிய எழுத்தில் இருக்கிறது. விதிப்படி நானே மாற்றி எழுதிவிடலாம். எழுதவில்லை. அவரைத்தான் கேட்க வேண்டும் என்றேன். “அப்பக் கேளுலா” என்றார் அப்பா, டிவியிலிருந்து கண்ணை எடுக்காமல். ஆமாம், ‘அந்த ஆளு’ என்று ஆரம்பித்துவைத்த அப்பாதான்.

மாப்பிள்ளையைத் தன் பெயரை ஆங்கில எழுத்தில் தன் கையாலேயே எழுதச் சொல்லிப் படம் எடுத்து அனுப்பு. ஓர் எழுத்தும் மாற்றாமல் போடுகிறேன். அம்மா நம்பரையாவது திறந்துவிடு, அக்கா. லேகியத்தை எப்படிச் சாப்பிட வேண்டும் என்று அவரே உன்னிடம் சொல்ல வேண்டுமாம்.

மூன்று பேரும் நன்றாக இருங்கள்.

உன் தம்பி,
திவாகர்