வயிறு சரியில்லை என்கிறாய்

அன்புள்ள சுண்டெலிக்கு,

சித்தப்பா எழுதுகிறேன். இங்கே நானும் உன் அம்மாவும் ஏறக்குறைய நலம். நீ வேளாவேளைக்குச் சாப்பிட்டு உடம்பில் கொஞ்சம் சதையோடு இருப்பாய் என்று நம்ப ஆசை. உனக்குக் கடிதம் எழுதும் உத்தியோகம் உன் அப்பாவுடையது, இப்போது அந்தச் சிம்மாசனத்தில் நான் உட்கார்ந்திருக்கிறேன், கால் தரைக்கு எட்டவில்லை.

என் வயிற்றுக்குள் மாதக் கணக்காக இரண்டு யானைகள் பாகப்பிரிவினை நடத்துகின்றன. சாப்பாடு, நம் தையல் மெஷின் ரிப்பேர் கடையில் எண்ணெய் துடைக்கிற பஞ்சை மெல்வது போல இருக்கிறது. ஸ்கேன் எடுத்தவரோ இவ்வளவு அழகான குடலை மூவுலகிலும் கண்டதில்லை என்று மூர்ச்சை போட்டு விழாத குறை. குறை ஒன்றும் இல்லையாம். சிரிப்பு, கோபம், அழுகை ஒன்றுமே இல்லை, தையல் மெஷின் ஊசி குத்தினால்கூட விரல் யாருடையதோ என்றிருக்கிறது. கடையில் உங்களோடு யார் இருக்கிறார்கள் என்று டாக்டரம்மா கேட்டார். அண்ணன்தான், சாப்பிடப் போயிருக்கார் என்றேன். அவரைக் கேட்டு வருகிறவர்களுக்கெல்லாம் இதையே சொல்லிப் பழகிவிட்டது, போன வாரம் ஒரு டெய்லரம்மா அதை நம்பி மத்தியானம் முழுக்கக் காத்திருந்தார். பக்கத்திலிருந்த உன் அம்மா குரலை உயர்த்தாமல் சொன்னார்: "அவர் செத்துப்போய் மூணு மாசமாச்சு டாக்டர். தம்பி இன்னும் யார்கிட்டயும் சொல்லல."

டாக்டரம்மா பேனாவைக் கீழே வைத்தார். மூளைக்கும் குடலுக்கும் நடுவே ஒரு நரம்பு ஓடுகிறதாம், இரவு பகலாக இங்கிருந்து அங்கும் அங்கிருந்து இங்கும் சேதி போகுமாம். தலை வாங்கிக்கொள்ளாத துக்கத்தை வயிறு வாங்கிக்கொள்ளுமாம், வயிறு கெட்டால் மனசும் மந்தமாகுமாம். நம் கடையில் தினமும் பார்ப்பதுதான், மேல் நூலின் இறுக்கம் கெட்டால் சிக்கல் துணிக்கு அடியில் விழும், வருகிறவர்கள் அடிநூல் சுற்றிய பாபினைத் திட்டுவார்கள்.

நீயும் போன் செய்யும்போதெல்லாம் வயிறு சரியில்லை, இந்த ஊர்ச் சாப்பாடு ஒத்துக்கொள்ளவில்லை என்கிறாய். இத்தனை வருஷம் ஒத்துக்கொண்ட சாப்பாடுதானே. அப்பாவை அனுப்பிவைத்த மறுநாளே திரும்பவும் விமானம் ஏறினாய், நீயும் அழவில்லை, நானும் அழவில்லை. அதைத் தைரியம் என்று மனசுக்குள் பீற்றிக்கொண்டேன். போன தடவை வீடியோ காலில் உன் தோள் எலும்பைப் பார்த்த உன் அம்மா போனை என் கையில் கொடுத்துவிட்டுப் போய்ப் படுத்துக்கொண்டார்.

மாத்திரையை நீயாக வாங்கி விழுங்காதே. டாக்டரிடம் போ. வலியை அப்புறம் சொல், முதலில் "எங்கப்பா செத்துட்டாரு" என்று சொல். நானும் கடையில் ஒருவரிடம் அண்ணன் செத்துட்டார் என்று சொல்லிப் பார்த்தேன். வானம் இடிந்து விழவில்லை, கண்ணீரும் வரவில்லை. மறுநாள் காலையில் மட்டும், சாப்பாட்டில் உப்பு குறைவு என்று தெரிந்தது.

உன் அம்மாவின் ஆசிகளும், எண்ணெய்க் கையைத் துடைத்துவிட்டு நான் தரும் ஆசிகளும். டாக்டரைப் பார்த்ததும் போன் செய், இங்கே என்ன நேரம் என்று பார்க்காதே.

இப்படிக்கு,
உன் அப்பா போடவேண்டிய கையெழுத்தைப் போடும்
சித்தப்பா