அப்பாவின் காதும் என் சீட்டும்

ஜூன் 3, செவ்வாய்

வெயில். ஆமத்தூர் பக்கம் மேகம் கூடியது. மழைதான் இல்லை.

பி.ஏ.எஸ்.எல்.பி. நான்கு வருடம். காது கேளாதவர்கள், பேச்சு வராதவர்களைச் சோதித்துப் பயிற்சி கொடுக்கும் படிப்பு. பார்த்த இடங்கள்:

சென்னை, அரசு: ஃபீஸ் குறைவு. என் கட்-ஆஃபுக்குக் கனவு.
கோவை, தனியார்: ஃபீஸைக் கேட்டதும் அம்மா எழுந்து அடுப்படிக்குப் போய்விட்டாள்.
தபால் வழி ஒன்று: மலிவு. "கவுன்சில் அங்கீகாரம் இருக்கா சார்?" "அதெல்லாம் வந்துரும்மா." வரும், வரும்.

சித்தி: "ஊமைப் பிள்ளைகளுக்குப் பாடம் நடத்தவா நாலு வருசம்? பேசாம நர்ஸுக்குப் படி."

ஜூன் 5, வியாழன்

கோவைக்கே வழி. சிவகாசியில் ஒரு டிரஸ்ட், பட்டாசுத் தொழிலாளி பிள்ளைகளுக்குப் பாதி ஃபீஸ் கட்டுமாம். ஃபாரத்தில் கேள்வி: இந்தப் படிப்பு ஏன்?

உள்ளதை எழுதினேன். அப்பா கம்பெனியில் சாம்பிள் வெடித்துப் பார்ப்பவர். பதினெட்டு வருடம். இடது காது சுத்தமாகப் போயிற்று, வலது பாதி. கம்பெனிக்குத் தெரியாமல் தலையாட்டிச் சமாளிக்கிறார். அழித்தேன். திரும்பவும் எழுதினேன். நன்றாக வந்திருந்தது, அதுதான் சனியன்.

இணைத்தது: மார்க் ஷீட், வருமானச் சான்று, அப்பாவின் கம்பெனி அட்டை நகல்.

ஜூன் 11, புதன்

அப்பா பதினோரு மணிக்கே வீட்டில். தூக்குச் சட்டியைத் திறக்கவே இல்லை.

விவரம் சரிபார்க்க டிரஸ்டிலிருந்து கம்பெனிக்கு ஃபோன் போயிருக்கிறது. மேனேஜர் அப்பாவைத் திரும்பி நிற்கச் சொல்லி, பின்னாலிருந்து பெயர் சொல்லிக் கூப்பிட்டாராம். மூன்று தடவை. சுற்றி நின்றவர்கள் சிரித்தார்களாம். கூட வேலை பார்க்கும் மாரியக்கா சொன்னாள்.

மேனேஜர் சொன்னது: "திரி பத்த வச்ச இடத்துல ஓடுன்னு கத்துனா ஒமக்கு எப்படிய்யா கேக்கும்? நாளையிலருந்து வர வேண்டாம்."

சொன்னதில் தப்பில்லை. பதினெட்டு வருடமாக ஒருத்தரும் கேட்காத கேள்வி.

அப்பா திட்டவில்லை. அம்மா திட்டினாள். "வீட்டு விசயத்த ஊருக்கெல்லாம் எழுதிக் குடுப்பியாடி? அம்புட்டு அவசரமா ஒனக்கு?"

ஜூன் 12, வியாழன்

அப்பா டி.வி. சத்தத்தை முழுக்கக் கூட்டி வைத்துப் பார்க்கிறார். தெரு முழுக்கக் கேட்கிறது. இத்தனை நாளும் ஊருக்குத் தெரியக் கூடாதென்று சத்தம் குறைத்தே வைத்திருந்தார். எனக்கு அழுகையாக வந்தது. செத்துப் போகலாம் போல வெட்கம்.

ஜூன் 16, திங்கள்

டிரஸ்ட் கடிதம். "நீங்கள் எழுதியது மனதைத் தொட்டது." தொட்டதாம்! பாதி ஃபீஸ் உறுதி. வீட்டு வருமானம் இன்னும் குறைவென்றால் முழுதும் தருவார்கள். புதுச் சான்று வேண்டும்.

அப்பாவோடு வி.ஏ.ஓ. ஆபீஸ். கூட்டம், புழுக்கம். வி.ஏ.ஓ. கடிதத்தைப் படித்துக்கொண்டே கேட்டார்: "இப்ப என்ன வேலை பாக்கீக?"

அப்பா சிரித்தபடி, "ஆமா சார், எம் மகதான்" என்றார்.

"வேலை இல்லை சார்" என்றேன் நான்.

"அப்ப முழு ஃபீஸும் கெடைக்கும் பாப்பா. யோகக்காரிதான் நீ" என்று சொல்லிக் கையெழுத்துப் போட்டார்.