இடக்கை

கோபித்துக்கொண்டு தங்கை வீட்டுக்குப் போனவளுக்கு,

விரல் மரத்துப்போவதை டாக்டரிடம் சொல்லச் சொல்லி நீ மன்றாடினாய். சொன்னால் டயாலிசிஸுக்காக இடக்கையில் போட்ட ரத்தக்குழாய் இணைப்பை மூடிவிடுவார்களே என்றுதான் வாயைத் திறக்கவில்லை.

இன்று நர்ஸ் தொட்டுவிட்டாள்.

"என்ன சார், கை ஐஸ் மாதிரி இருக்கு?"

"ஏசிம்மா."

"வலது கைக்கு மட்டும் ஏசி இல்லையா?"

கீழ்வீட்டுக் குழாயை முழுக்கத் திறந்தால் மாடிக்குத் தண்ணீர் ஏறாதில்லையா, அப்படித்தான். ரத்தமெல்லாம் விரலுக்குப் போகாமல் இணைப்பு வழியே திரும்பிவிடுகிறது. அதைக் குறுக்காவிட்டால் விரல்கள் போய்விடுமாம். குறுக்கினால் டயாலிசிஸ் ஓடுமா என்றால், "பாக்கலாம்" என்கிறார் டாக்டர். கடைசி பெஞ்சுக்காரன்கூட இதைவிட உருப்படியாகப் பதில் சொல்வான்! எரிச்சலாக வருகிறது.

வெள்ளிக்கிழமை ஆபரேஷன். திட்டுவதை வந்து திட்டு. வலப்பக்கம் உட்கார், இடக்கையை நீ பிடித்தால் எனக்குத் தெரியாது.

உன் பிடிவாதக்காரன்