தேத்தண்ணிக்கு முன் ஒரு மாத்திரை

என் உயிரே, அம்மா,

நீ விழுந்த தேயிலை மலை புசல்லாவையில் அப்படியே இருக்கிறது. கொழுந்தும் எடுக்கிறார்கள். நான் கம்பளையில் வாழ்க்கைப்பட்டு, கண்டியில் ஒரு புடவைக்கடையில் பில் போடுகிறேன். வயிற்றில் பிள்ளை, மூன்றாம் மாதம். சந்தோஷமாகச் சொல்லவேண்டிய சேதியைப் பயந்துகொண்டு சொல்கிறேன்.

உனக்கிருந்த வியாதி எனக்கும் இருக்கிறது. உடம்பைக் காக்கவேண்டிய எதிர்ப்புச் சக்தியே, கழுத்திலுள்ள தைரொயிட் சுரப்பியை எதிரி என்று நினைத்துக் கொஞ்சம் கொஞ்சமாக அழிக்கிறதாம். அதனால்தான் உனக்கு வெயிலிலும் குளிர்ந்தது, முகம் ஊதியது, கொழுந்தில் கை ஓடவில்லை. நிறை காணாதென்று கங்காணி அரைப்பேர் போட்டான், பாதிச் சம்பளம். "தின்னு தின்னு பெருத்துட்டா, வேலைக்குத்தான் ஒடம்பு வளையல" என்று நம் வரிசை வீடுகள், அந்த லயமே சிரித்தது. நீ தின்றது என்னவென்று எனக்குத் தெரியாதா?

கிளினிக்கில் தந்த மாத்திரையை ஒருநாள் விடாமல் விழுங்கினாய். இரத்தச் சோதனையில் முன்னேற்றமே இல்லை. டொக்டர் சிங்களத்தில் ஏதோ சொன்னார். "நீ பொய் சொல்றியாம், மருந்தே குடிக்கிறதில்லையாம்" என்று அங்கே நின்ற சிற்றூழியன் சிரித்துக்கொண்டே சொன்னான். பிறகு நீ அங்கே போகவேயில்லை. அந்த மழைக்காலத்திலேயே மலையில் விழுந்தாய்; பிறகு எழும்பவேயில்லை.

போன வாரம் என்னைப் பார்த்த டொக்டர், தமிழ் பேசுகிற முஸ்லிம் பெண்.

"மருந்த எப்ப குடிக்கிறீங்க?"

"காலையில, வெறும் வயித்துல."

"எதோட?"

"தேத்தண்ணியோட."

"பால் தேத்தண்ணியா? பொறகு எப்படிங்க அது வெறும் வயிறு?"

"தேத்தண்ணி சாப்பாடு இல்லையே, டொக்டர்!"

சொல்லி முடிக்குமுன் உன் ஞாபகம் வந்தது; நீயும் தேத்தண்ணியோடுதானே விழுங்கினாய். நம் லயத்தில் தேத்தண்ணி குடிக்காமல் எவளுக்கு விடிந்திருக்கிறது? பச்சைத் தண்ணீரில் மாத்திரையை விழுங்கி, ஒரு மணித்தியாலம் வேறெதுவும் தொடாமல் இருந்தால்தான் மருந்து சரியாக உடம்பில் சேருமாம். நீ பொய் சொல்லவில்லை. எதோடு குடிக்கிறாய் என்று உன்னிடம் ஒருவரும் கேட்கவில்லை. ஒரே ஒரு கேள்வி, அம்மா. அதற்குக்கூட நீ பெறுமதி இல்லாதவளா?

என் சோதனையும் மோசம். இந்த மாதங்களில் பிள்ளையின் மூளை வளர என் சுரப்புதான் வேண்டுமாம். மாத்திரையைக் கூட்டியிருக்கிறார்கள். வீணாய்ப்போன வாரங்கள் பிள்ளையை என்ன செய்திருக்கும்? "இப்பவே சொல்ல ஏலாது" என்றார் டொக்டர்.

மாமி தினமும் படுக்கைக்கே பால் தேத்தண்ணி கொண்டுவருவார். டொக்டரைப் பார்த்த மறுநாள் நான் கோப்பையை ஒதுக்கியதும் முகம் கறுத்துவிட்டது.

"புள்ளத்தாச்சிக்குப் பச்சத் தண்ணியா? எங்க வீட்டுத் தேத்தண்ணி மகாராணிக்கு எறங்காதாக்கும்!"

"அம்மா மனசு நோகுது. ஒரு வாய் குடிச்சிட்டுப் போயேன்" என்றார் உன் மருமகன்.

"அந்த ஒரு வாய்தாங்க எங்கம்மாவக் கொன்னுச்சி."

தேத்தண்ணி மட்டும் உன்னைக் கொல்லவில்லை. கங்காணியின் தராசும் அந்தச் சிரிப்பும் சேர்ந்துதான் கொன்றன. அதை அவர்களிடம் எப்படிச் சொல்ல?

இன்று காலை மாமி கோப்பையைக் கொண்டுவந்தார். சின்னப் பீங்கான் தட்டால் மூடி வைத்துவிட்டுப் போனார். கோபமா, சம்மதமா? தெரியவில்லை. நேரம் கழித்து, ஆறிப்போனதைக் குடித்தேன்.

அடுத்த சோதனை என்ன சொன்னாலும் மாத்திரையை விடமாட்டேன். பிள்ளையோடு நம் லயத்துக்கு வருவேன். உன்னைச் சோம்பேறி என்ற வாசல்களில் ஏறுவேன். அங்கே முகம் ஊதி, குளிரில் சுருண்டு கிடக்கிறவளிடம், உன்னிடம் யாரும் கேட்காததைக் கேட்பேன்.

உன் கழுத்தை வாங்கிப் பிறந்தவள்,
உன் இளைய மகள் செல்வி